இடுப்பில் மட்டும் இறுகிய பாவாடை

அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஒரு பிள்ளை கடை வாசலில் வந்து நின்றாலே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். பெற்ற மகள் விஷயத்தில்தான் கண் ஏமாந்தது.

பதினொரு வயது மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. மூன்று மாதமாகக் காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். பள்ளிக்கு மட்டம் போட நாடகமாடுகிறாள் என்று அம்மா ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழுதுகொண்டே பையை மாட்டிக்கொண்டு போனது.

அடுத்த வாரம் சீருடைப் பாவாடைக்குக் கொக்கி போட முடியவில்லை. போன மாதம்தான் பட்டியைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டிருந்தாள். மேல்சட்டையோ தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"கை கால் குச்சியா இருக்கு. இடுப்பு மட்டும் எப்படிடி பெருக்கும்?"

படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இடது விலாவுக்குக் கீழே உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்பட்டது.

தெருமுனை டாக்டர் பூச்சி மருந்து எழுதினார். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க டாக்டர். அப்புறம்தான் போவேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யும் அம்மையார் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "கணையத்துல கட்டி. பாதி கெட்டியா, பாதி ரத்தமும் தண்ணியுமா இருக்கு. குழந்தைங்களுக்கு ரொம்ப அபூர்வமா வர்றது. என் சர்வீஸ்ல இது மூணாவது. கணையத்தோட வால் பகுதியில இருக்கறதால முழுசா எடுத்துடலாம்."

"எனக்கு உள்ளயும் வாலா?" என்றது பிள்ளை.

டாக்டர் சிரித்துவிட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிற அப்பா, எத்தனையோ மாடி உயரத்தில் அசராமல் நிற்கிறவர், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியின் முடிச்சைப் போட்டுவிட்டபடி அம்மா சொன்னாள்: "அன்னைக்கு அடிச்சுட்டேன். நீ பொய் சொல்லலடா கண்ணு."

"பொய்யும் சொல்லியிருக்கேம்மா. ரெண்டு நாள் வலிக்கவே இல்ல."

ஐந்து மணி நேரம் ஆயிற்று. கட்டி முழுதாக வந்துவிட்டது. கூடவே மண்ணீரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் வகைதான், ஆனால் மெதுவாக வளர்வது. முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது.

"பெரும்பாலும்னா?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் மழுப்பவில்லை. "வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கிட்டே இருக்கணும்மா. மண்ணீரல் இல்லாததால கிருமி சீக்கிரம் தாக்கும், காய்ச்சல் வந்தா அசட்டையா இருக்காம உடனே கூட்டிட்டு வாங்க."

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. ஸ்கேன் அறைக்குள் அவள் அம்மாவை வரவிடுவதில்லை. ஸ்கேன் முடிவு வரும் உறையைப் பிரிப்பது அப்பாதான். முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, கடைசி வரியை இரண்டு தடவை படித்த பிறகே தலை நிமிர்வார். நான்கு முறையும் நல்ல சேதி. ஐந்தாவது ஸ்கேன் அடுத்த மாதம்.