கரிச்சானின் பொய்க்குரல்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி, இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. வேலிகாத்தான் புதரும் சருகும் பாலித்தீன் குப்பையும்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் என் நண்பனும் அங்கே மேயும் பறவைகளைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவன் மணிமங்கலத்துக்காரன், எங்கள் லைனில் பிரஸ் ஓட்டுபவன். இருவருமே கான்ட்ராக்ட்.

தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு சேர்ந்து சருகைக் கிளறும். கூடவே இரண்டு மைனா. மேலே கம்பியில் ஒரு கரிச்சான், கறுத்த இரட்டைவால் குருவி. அவை கிளறும்போது எழும்பும் பூச்சியைக் கரிச்சான் பாய்ந்து பிடிக்கும். அதற்குக் கூலியாகக் காவல் காக்கும். வல்லூறு தலைகாட்டினால் முதலில் கத்துவது அதுதான். ஒரே கத்தலில் அத்தனையும் புதருக்குள் போய்விடும்.

ஒருநாள் வானத்தில் ஒன்றுமில்லாதபோதே கத்தியது. அப்போதுதான் கொழுத்த புழு ஒன்றை இழுத்துப் போட்டிருந்த தவிட்டுக்குருவி, அதை விட்டுவிட்டு ஓடியது. கரிச்சான் சாவகாசமாக இறங்கிப் புழுவை எடுத்துக்கொண்டது.

"இன்னா மச்சான், கேடியா கீது!" என்று நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்போடு விட்டிருக்கலாம்.

எங்கள் லைனில் காவல் வேலை என்னுடையது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து நசுக்கி வடிவமாக்கும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக. அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் எல்லோரும் இடது பட்டன் அழுந்தியே இருக்கும்படி ஒரு மரச்சில்லைச் செருகிவிட்டு, இடது கையால் தகட்டை வைத்து, வலது கையால் மட்டும் அழுத்துவார்கள். என் மெஷின் வாசலைப் பார்த்து இருப்பதால், சூப்பர்வைசர் வந்தால் ஸ்பேனரால் இரும்புத் தொட்டியில் இரண்டு தட்டு தட்டுவேன். சில்லுகள் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் யாரோ மசால்வடைப் பொட்டலம் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். நான்கு பேர் அதை மொய்த்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சாது போலிருந்தது. இரண்டு தட்டு தட்டினேன். நான்கு பேரும் அவரவர் மெஷினுக்கு ஓட, நான் போய்ப் பெரிய வடையாகப் பார்த்து எடுத்தேன்.

நண்பன் அந்தக் கூட்டத்தில் இல்லை. டார்கெட் குறைகிறதென்று ஓட்டிக்கொண்டே இருந்தான். தட்டு கேட்டதும் சில்லைப் பிடுங்க வலது கையை அவசரமாக நீட்டியிருக்கிறான். முழங்கை வலது பட்டனில் இடித்துவிட்டது. இடது கை இன்னும் பாதி அச்சுக்குள் இருந்தது.

அவன் அலறியபோது என் வாயில் வடை இருந்தது. மூன்று விரல்கள் போய்விட்டன.

சில்லு வைத்தது அவன் தப்பு என்று எழுதி, வேலையை விட்டும் எடுத்துவிட்டார்கள். நான் தட்டியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவரவர் சில்லும் வெளியே வரும். நானோ திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தேன்.

நாலைந்து நாள் கழித்துச் சுவரோரம் தனியாகப் போய் நின்றேன். அதே கரிச்சான், அதே தவிட்டுக்குருவிகள். அப்படி ஏமாந்தும் அதை அவை துரத்தவில்லை. எப்போதோ ஒருமுறை பொய்யானாலும் மற்ற நேரமெல்லாம் உயிரைக் காப்பாற்றுகிறதே. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. கரிச்சானுக்காவது பசி. எனக்கு என்ன கேடு?

ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துப் படுத்திருந்தான்.

"நீ தட்னதும் கைய பாதி இஸ்துகினேன் மச்சான். இல்லாங்காட்டி மொத்தமா பூட்டிருக்கும்," என்றான். "ஆமா, அன்னிக்கு யாரு வந்தது?"

"சூப்பர்வைசர்தான்," என்றேன்.

அவன் மனைவி எனக்கென்று வெளியே போய் டீயும் காகிதத்தில் மடித்த வடையும் வாங்கிவந்தாள். "வேலைய வுட்டு நேரா வந்துகீறீங்க. துன்னுங்கண்ணா," என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கித் தின்றேன்.