பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள்

அந்தோனியம்மா என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது பூனாகலைத் தோட்டத்துப் பீலிக்கரையில். தண்ணீர் பிடிக்க நின்றவர்களில் ஒருத்தி, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இடுப்புப் பிள்ளையோடு தவித்துக்கொண்டிருந்தாள். "அந்தோனியம்மாகிட்ட விட்டுட்டு ஓடு. நீ திரும்பி வர்ற வரைக்கும் அவ எடத்தை விட்டு அசைய மாட்டா" என்றாள் இன்னொருத்தி.

அது உண்மைதான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறைக்குத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அங்கே அந்தோனியம்மா இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தாள். கடைசித் தாய் வந்து கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கதவைச் சாத்தமாட்டாள். மழை கொட்டினாலும், கொழுந்து நிறுக்கத் தாமதமானாலும், வருகிறேன் என்று போன தாய் வராமல் இருந்ததில்லை. ஆகவே வருகிறேன் என்று சொன்னவர் வந்துதான் ஆகவேண்டும் என்பது அவள் புத்தியில் ஊறிப்போயிருந்தது.

அவள் மேட்டு லயத்து வரிசைவீட்டு அருளப்பனின் கடைசி மகள். மூத்தவள் சவரியம்மா. இடையில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் தங்கைக்கும் எட்டு வயது வித்தியாசம். பாதித் தாயாக இருந்து வளர்த்தவள் அக்காதான். சவரியம்மா பூனாகலையிலேயே வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷனுக்கு சித்தப்பா மகன் முறையான எட்வர்ட், வெலிமடை மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்றும் லொறியில் ட்ரைவர். அவனைத் தங்கைக்குப் பேசி முடித்ததும் சவரியம்மாதான். எட்வர்ட் பதுளையில், ஹிந்தகொடப் பக்கம் ஒரு மேட்டில் வீடு கட்டினான். பிள்ளைகள் இல்லை. ஆயா வேலை ஓய்ந்து அந்தோனியம்மா அங்கே வந்து சேர்ந்த ஏழாம் வருஷம் எட்வர்ட் போய்ச் சேர்ந்தான்.

அக்காவும் அதற்கு முன்பே தாலியறுத்தவள்தான். அவளுடைய ஒரே மகன் ஜொனி கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் குடும்பத்தோடு இருந்தான். தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தனி வீட்டில் சவரியம்மா ஒற்றை ஆளாக இருந்தாள். அந்தோனியம்மா ஹிந்தகொடையில் ஒற்றை ஆளாக இருந்தாள்.

"என்னாத்துக்குடி ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்பு? கிளம்பி வா" என்றாள் அக்கா.

"வெறுங்கையோட வந்து ஒண்டிக்க மாட்டேன்க்கா. வீட்டை வித்துட்டு, உன் வீட்டோட ஒரு ரூமை இழுத்துக் கட்டிட்டு வர்றேன். நாளைக்கு உன் மகன் ஒரு சொல்லு சொல்லிட்டா?"

"அவன் வர்றதே கிறிஸ்மஸுக்கு. சொல்லுறதுக்கு அவனுக்கு எங்கடி நேரம்?"

இருந்தாலும் அந்தோனியம்மா பிடித்த பிடியை விடவில்லை. டவுனில் மிப்ரான் என்று ஒரு புரோக்கர் இருந்தான். அவன் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துப் போனில் போட்டான். மறுநாளே ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் திங்கள் முதல் சனிவரை கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை செய்தாள். ஆகையால் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஏற்பாடு. அக்காவைப் பார்க்கப் போவதும் அந்த ஒரு நாளில்தான். பண்டாரவளைக்குப் போய் அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் பூனாகலை போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது.

"இந்த ஒரு வாரம் பொறுத்துக்கக்கா. பத்து மணிக்கு ஆள் வர்றாங்களாம்."

"சரிடி. வித்துட்டே வா."

முதல் ஞாயிறு விடியற்காலைப் பூசை முடிந்து ஓடிவந்தாள். சிமெந்துத் தரைக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தாள். கண்ணாடி அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை இறக்கினாள். பேக்கரியில் மீன் வைத்த மாலு பணிஸ் ஆறு வாங்கி, ஃபிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். பத்தானது. பன்னிரண்டானது. மூன்று மணிக்கு மிப்ரானைக் கூப்பிட்டபோது, "அவங்களுக்கு ஏதோ அவசரமாம்மா, வாற கிழமை கட்டாயம்" என்றான். அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாடு பணிஸ்தான்.

அடுத்த ஞாயிறு ஒரு கடைக்காரர். வரவில்லை. மாமியார் செத்துப்போனதாகச் சொன்னார். அந்தோனியம்மா அந்த முகம் தெரியாத மனுஷிக்காக ஒரு செபமாலை சொன்னாள். மூன்றாம் ஞாயிறும் அவரே வருவதாகச் சொல்லி வராமல் போனார். அன்றும் மாமியார் செத்ததாகத்தான் சொன்னார்.

"ரெண்டு மாமியார் இருக்கும் போல" என்றாள் அந்தோனியம்மா.

பக்கத்து வீட்டு ஸஜீதா மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தாள். "நீங்க ஒண்ணு, அந்த மனுசி இப்பவும் கடையில கல்லாவுல இருந்து எல்லாரையும் ஏசிக்கிட்டு இருக்கும். வர மாட்டாங்கம்மா. சும்மா போன்ல வீடு பாக்குற ஆளுங்க. நீங்க போய் உங்க அக்காவைப் பாருங்க. சாவியை என்கிட்ட தாங்க, வந்தா நான் காட்டுறேன்."

"பூட்டின வீட்டை யாரு வாங்குவா? வீட்டுக்காரி இல்லாட்டி, செத்தவங்க வீடுன்னு நெனைப்பாங்க."

நான்காவது ஆட்கள் நல்ல நேரம் பார்க்கிறவர்கள். ஞாயிறு நாலரைக்கு மேல் ராகு காலமென்பதால் அதற்குள் வந்துவிடுவோம் என்றார்கள். அந்தோனியம்மா அதற்காகவே ராகு காலம் போட்ட கலண்டர் ஒன்று வாங்கினாள். ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தால் கண்ணில் படாமலிருக்கச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். நாலரை வரை வாசலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஆறு வரையும் இருந்தாள், ராகு காலத்தைப் பொருட்படுத்தாதவர்களாக மனம் மாறியிருக்கக் கூடுமே என்று.

ஐந்தாவது ஞாயிறு மழை, ஹாலிஎலப் பக்கம் ரோட்டில் மண் சரிந்துவிட்டதென்றார்கள். ஆறாவது ஞாயிறு யாரும் காரணமே சொல்லவில்லை, போனை எடுக்கவுமில்லை. அன்று அவள் நல்ல கோப்பை ஒன்றில் தானே தேத்தண்ணி ஊற்றி, விருந்தாளிக்குப் போட்ட கதிரையில் தானே உட்கார்ந்து குடித்தாள். அங்கிருந்து பார்க்க வீடு நன்றாகத்தான் இருந்தது. சுவரில் ஓதம் ஏறிய இடமும் கண்ணில் படவில்லை. வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அக்கா கூப்பிடுவாள். "நாளைக்கு வர்றியாடி?"

"வரப் பாக்குறேன்க்கா. ஆள் வராட்டி பத்தரை பஸ்ஸைப் புடிச்சிடுவேன்."

இப்படிச் சொல்வதும் போகாமல் இருப்பதும் வாடிக்கையாகிவிட்டது. பத்தரை ஆகும்போது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றிருக்கும். கொஞ்சம் பார்த்துவிட்டால் பஸ் போய்விடும்.

ஏழாவது சனிக்கிழமை அக்காவின் குரலில் வேறொரு தொனி இருந்தது. "ஏன்டி, நானும் என் வீட்டை விக்கப்போறேன்."

"என்னக்கா சொல்லுற?"

"ஆமா. விக்கிறேன்னு போர்டு போட்டாவாவது நீ பாக்க வருவியான்னு பாக்குறேன்."

இருவரும் சிரித்தார்கள். மறுநாளும் அந்தோனியம்மா போகவில்லை. பசறையிலிருந்து ஒரு டீச்சரும் புருஷனும் கட்டாயம் வருவதாக மிப்ரான் சத்தியம் செய்திருந்தான். அவர்களும் வரவில்லை.

எட்டாவது சனிக்கிழமை அக்கா கூப்பிடவில்லை. அந்தோனியம்மாவே கூப்பிட்டுப் பார்த்தாள். அக்காவின் போன் வேலை செய்யவில்லை. இரவு தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் மிப்ரான் கூப்பிட்டு, "அதே டீச்சர் ஆக்கள்தான், பத்து மணிக்கு" என்றபோது, "வரட்டும் தம்பி, பக்கத்து வீட்டுல சாவி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாவியை ஸஜீதாவின் கையில் வைத்தாள்.  ஸஜீதா ஒரு பார்சல் சோறு கட்டிக் கொடுத்தாள்.

பூனாகலையில் இறங்கும்போது தூறல். ரோடு வளையும் முடக்கு தாண்டி ஏறிப் போய்ப் பார்த்தால், அக்காவின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் கோழிகூட இல்லை.

எதிர்வீட்டுக் கலாராணி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "சின்னம்மா! இன்னைக்கா வந்தீங்க?"

"அக்கா எங்க புள்ள?"

"ஜொனி வந்து வெள்ளிக்கிழமை வத்தளைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. பெரியம்மா போன ஞாயித்துக்கிழமை மழையில முடக்குல வழுக்கி விழுந்துருச்சு. இடுப்பு எலும்பு. பண்டாரவளை ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் வச்சிருந்தாங்க. போனும் அன்னைக்கே கீழ விழுந்து உடைஞ்சிருச்சு."

"மழையில முடக்குக்கு எதுக்குப் போனா?"

 கலாராணி சொன்னாள். "பஸ் வர்ற நேரத்துக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போகும். அந்தக் கல்லுல உக்காந்திருக்கும். நீங்க வருவீங்கன்னுதான். உங்களுக்குச் சொல்லுறேன்னு சொன்னேன். சொல்லாத, ஆள் வர்ற நேரத்துல வீட்டைப் போட்டுட்டு ஓடியாந்திருவா, வித்துட்டு வரட்டும்னு தடுத்துருச்சு."

 அந்தோனியம்மா பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கலாராணிதான் தன் போனில் ஜொனியின் நம்பரை அழுத்திக் கொடுத்தாள். ஜொனியின் பெண்சாதி நிலுக்ஷி எடுத்து, போனைக் கிழவியின் காதில் வைத்தாள்.

"எங்கடி இருக்க?"

"வீட்டுலதான்க்கா."

"ஆள் வந்தாங்களா?"

அந்தோனியம்மா கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். "வந்தாங்கக்கா. வீடு புடிச்சிருக்காம்."

"யாருடி, மாமியாரு ரெண்டு தரம் செத்தவனா?"

"இல்லக்கா. ஒரு டீச்சர்."

"நல்லதுடி. நல்லது." அக்கா தன் சேதிக்கு வந்தாள். "இனி மேடு ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்கயேதான் இருக்கணுமாம். நீ அந்த ரூமைக் கட்டாத."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தோனியம்மா பார்சலைப் பிரித்தாள். கலாராணி வீட்டுக்குள் வரச் சொல்லியும் வராமல், அக்காவின் வாசற்படியிலேயே இருந்து சாப்பிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினாள். ஹிந்தகொடையில் இறங்கி வீட்டுக்கு ஏறியபோது ஸஜீதா வாசலில் நின்றாள். "வரல்லம்மா" என்று சாவியை நீட்டினாள். அந்தோனியம்மாவுக்கு யார் வரவில்லை என்றே ஒரு கணம் பிடிபடவில்லை.

மிப்ரான் அடுத்த வாரமும் கூப்பிட்டான். "விக்கிறது இல்ல தம்பி. அந்தப் போட்டோவை எடுத்துருங்க" என்றாள்.  

ஆகஸ்ட் மாதம் மடத்தில் லீவு வாங்கிக்கொண்டு வத்தளைக்குப் போய் அக்காவைப் பார்த்தாள். மூன்றாம் மாடி. ஜொனி, நிலுக்ஷி, இரண்டு பிள்ளைகள், கட்டிலோடு அக்கா. நான்கு இரவு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். பகலில் அக்கா பெரும்பாலும் தூங்கினாள். ஐந்தாம் நாள் பிள்ளைகள் படிக்க இடமில்லாமல் பாயைச் சுருட்டச் சொல்லிக் கேட்டபோது, சுருட்டிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

சவரியம்மா இப்போதும் வத்தளையில் மகனோடு இருக்கிறாள். பூனாகலை வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தோனியம்மா பதுளையில், ஹிந்தகொட மேட்டில், எட்வர்ட் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள்.