குளத்துப் படியில் நின்றவள்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக் குளத்தில் முழங்கால் ஆழம் இறங்கி நின்று, கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்தவாறே அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்தி நிரப்புவார் எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர். மேலே மிதக்கும் பாசி உள்ளே போய்விடக் கூடாதாம். அறுபதுகளின் நடுவில், நான் அங்கே ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்த புதிது. அந்தக் கோடையில் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன. ஊரே அந்தக் குளத்தில்தான் குளித்தது. மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போய்த் திரும்பிய கூட்டமும் அதில்தான் இறங்கியது. கொஞ்ச நாளில் வாந்திபேதி என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

குளத்தை மூட இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சென்னைப் பரிசோதனைக்கூடம் சொன்னால்தான் மேலிடம் உத்தரவு போடும். திண்டிவனத்திலிருந்து ஐஸ் வரவழைத்து, மரத்தூள் பெட்டிக்குள் புட்டியை வைத்து பஸ்ஸில் அனுப்பினார். பதில் வரும்வரை படித்துறையிலேயே வெயிலில் நின்று, இறங்க வேண்டாமென்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டார். யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அவருக்கு மோர் கொடுக்கப் போயிருந்தேன். கடலைக்காய் பறிக்கும் கூலிக்காரி ஒருத்தி மகளோடு வந்தாள். "வேணாம்னு சொல்றீங்களே சார், வேற எங்க போறது? ஊட்ல குடிக்கவே தண்ணி இல்ல. நீங்க கொண்ணாந்து ஊத்துவீங்களா?" என்று கேட்டாள். அவர் மறுபடி கும்பிட்டு, கையை விரித்து வழியை மறித்தார். அதற்குள் அந்தச் சிறுமி அவர் கைக்கடியில் குனிந்து ஓடித் தண்ணீரில் குதித்துவிட்டாள். நன்றாக நீந்தினாள். நடுக்குளம் வரை போய்த் திரும்பி, வாய் நிறைய அள்ளிய தண்ணீரை அவரைப் பார்த்துப் பீய்ச்சிச் சிரித்தாள்.

அந்த வாரமே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார் இன்ஸ்பெக்டர். பின்னால் தாய். பிள்ளையின் கண்கள் குழிக்குள் போய்விட்டிருந்தன. ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. டாக்டர் கணுக்காலைக் கீறியும் பார்த்தார். "நர்சம்மா, எம் பொண்ணு பேசுது பாரு, தண்ணி கேக்குது" என்று தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

அடக்கம் முடிந்த மறுநாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. வழியில் ஐஸ் உருகிவிட்டதால் புட்டி சோதனைக்கு உதவாது, மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் அதைப் படித்து மடித்துப் பையில் வைத்தார். புதுப் புட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

படித்துறையில் அந்தத் தாய் நின்றிருந்தாள். துணி மூட்டைகளோடு வந்த பெண்கள் மேல்படியிலேயே தயங்கினார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. "எறங்காதீங்க. எம் பொண்ணு இதுலதான் குளிச்சா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். இன்ஸ்பெக்டர் நெருங்கியபோது, "நீங்களுந்தான் சார்" என்று கையை நீட்டித் தடுத்தாள். அதுவரை அழாத மனிதர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குலுங்கினார்.

பிறகு எடுத்து அனுப்பிய புட்டியின் பேரில் குளத்தை மூடும் உத்தரவு ஒருவழியாக வந்தபோது மழை பிடித்துக் கிணறுகள் நிரம்பிவிட்டன. குளத்துக்கு வர ஆளில்லை. அவள் மட்டும் கூலிக்கும் போகாமல், தினமும் வந்து, யாருமில்லாத அந்தப் படியில் நனைந்துகொண்டு நின்றாள்.