ஃபெயில் ஐயா வீட்டிலேயே டயர் மாற்றினார்

பெற்றோர் வைத்த பெயரில் அவரை அழைப்பவர்கள் தபால்காரரும் வங்கிக்காரர்களும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் ஃபெயில் ஐயா. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்து மைதானத்தில் முப்பத்தொரு வருடம் அட்டையும் பேனாவுமாக நின்று, வண்டி ஓட்டிக் காட்ட வந்தவர்களைச் சோதித்தவர். அவர் கையெழுத்தில் தேறியவர்கள் 9,412 பேர். தேறாதவர்கள் 14,077 பேர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பதினாலாயிரம் பேருக்கு நடுவில்தான் அவர் குடியிருக்க வேண்டியிருந்தது. முடிவெட்டுகிறவர் இரண்டு தடவை தவறியவர். கத்தி கழுத்துப் பக்கம் வரும்போது அவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஐயா மூச்சை நிறுத்திவிடுவார்.

மனிதர்களிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் ஒரு மோட்டார் சைக்கிளை மட்டும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்பு, 280 கிலோ எடை. நாற்பத்து மூன்றாவது வயதில் வாங்கினார். இப்போது வயது அறுபத்தாறு. வண்டி 2,14,630 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எண்ணெய் மாற்றுவது, வால்வு இடைவெளி பார்ப்பது, செயின் கழுவுவது, டயர் மாற்றுவது எல்லாம் வீட்டு முன்புறக் கொட்டகையில் அவர் கையாலேயே. வருடத்துக்கு ஒரு தடவை பதினோரு நாள் பயணம் போவார். அந்தப் பதினோரு நாளும் அவரைத் தெரிந்தவர் யாரும் எதிர்ப்பட மாட்டார்கள். அதற்காகத்தான் போனார் என்று சொன்னாலும் தவறில்லை.

இத்தனைக்கும் சொந்த மாப்பிள்ளை டயர் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்து 1.4 கிலோமீட்டர் தூரம். பன்னிரண்டு வருடத்தில் ஐயா அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை.

பகை கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. மாப்பிள்ளையை அவர் மூன்று தடவை ஃபெயில் ஆக்கியிருந்தார். முதல் தடவை கால் தரையில் பட்டது. இரண்டாவது தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மகள் வீட்டில் வந்து, "அப்பா, நான் ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்கேன்" என்று விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மைதானத்தில் அந்த ஒருத்தர் வந்து நின்றார். பதற்றத்தில் சைடு ஸ்டாண்டை மடக்காமலே வண்டியைக் கிளப்பினார். ஐயா பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. தேர்வு நடக்கும்போது தேர்வாளர் பேசக் கூடாது என்பது விதி. முதல் இடப்பக்க வளைவிலேயே ஸ்டாண்டு தரையில் இடித்து ஆள் உருண்டார். முழங்காலில் மூன்று தையல். நாலாவது தடவை, ஐயா விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து வந்து தேறிக்கொண்டார்.

அதன் பிறகு இருவரும் அளவுக்கு மீறிய மரியாதையோடுதான் பேசிக்கொள்வார்கள். "வாங்க மாப்பிள்ளை." "இருக்கட்டும் மாமா." அந்த 'ங்க'வில் இருக்கும் காரம் கெட்ட வார்த்தையில்கூட இருக்காது.

ஐந்து மாதம் முன்பு ஒரு மழை நாளில் ரவுண்டானா வளைவில் பின் சக்கரம் வழுக்கி ஐயா விழுந்தார். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். நேர்ச்சாலையிலேயே ஓடி ஓடி டயரின் நடுப்பகுதி பலகை போலத் தட்டையாகிவிட்டிருந்தது. மாற்ற வேண்டிய காலம் கடந்து 900 கிலோமீட்டர் ஆகியிருந்தது. தோள் வலியால், டயரை நெம்பிக் கழற்றும் லீவரைப் போட முடியாமல் அவர் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். கடைக்குப் போக மனசு இடம் கொடுக்கவில்லை. மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து நாற்பத்தொரு நாள் கட்டு. அந்த நாற்பத்தொரு நாளும் வீட்டில் அவரே சமைத்தார். அவள் சாப்பிட்டாளே தவிர, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று மகள் புருஷனோடு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே டயர் எல்லாம் இவர் கடையிலதான். இல்லைன்னா சாவியைக் குடுத்துடுங்க."

"உன் வீட்டுக்காரர் கை வைக்கற வண்டியில நான் ஏற மாட்டேன்."

"அப்போ ஏறாதீங்க. அம்மா கையைப் பார்த்தீங்கல்ல?"

ஐயா உள்ளே போய்த் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலேயே இரண்டு டயரையும் மாற்றுவார். மாப்பிள்ளை உடனிருந்து பார்க்கலாம். ஓட்டிக் காட்டும்போது ஒரே ஒரு குறை கண்டாலும் சாவி மாப்பிள்ளை கைக்குப் போகும். குறை இல்லையென்றால் இனி யாரும் வண்டியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மனைவி இடது கையால் போட்டாள், வலது கை சரியாகிவிட்ட பிறகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மாப்பிள்ளை மகளோடு வேனில் வந்தார். வேனை கேட்டுக்கு நேர் எதிரே தெருவோரம் நிறுத்தினார். கொட்டகையிலிருந்து கேட் வரை பதினாலு அடிச் சரிவு.

"மாமா, வீல் ரெண்டையும் கழட்டி எங்க மெஷின்ல போட்டா கால் மணி நேரம்."

"உங்க மெஷின் ரிம்மைக் கீறிடும் மாப்பிள்ளை."

"உங்க லீவர் கீறாதா மாமா?"

"என் லீவருக்குக் கண் இருக்கு."

மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். ஒன்றுதான். அது மாப்பிள்ளைக்கு.

வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஐயா தன் கையால் தட்டச்சு செய்த முப்பத்து நாலு வரிப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் போய் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார். ஜாக்கியில் வண்டியை உயர்த்தினார். பின் சக்கரத்தைக் கழற்றி, வால்வு ஊசியை எடுத்துக் காற்றை விட்டார். ரிம்மோடு ஒட்டிக் கிடந்த டயர் விளிம்பை மர இறுக்கியால் அழுத்தியதும் அது பொத்தென்று விலகியது. சோப்புத் தண்ணீர் பூசி, ரிம்முக்குத் துணி கொடுத்து, லீவரை ஒவ்வொரு சாணாக நகர்த்தினார். தோள் வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை. புது டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியை மூன்று தடவை பார்த்தார். டயரில் கனம் குறைந்த இடத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார். காற்று ஏற ஏற விளிம்பு இரண்டு வெடிச் சத்தத்தோடு ரிம்மில் போய் உட்கார்ந்தது.

"மெஷின்ல போட்டாலும் இதே சத்தம்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"கேக்கலையே" என்றார் ஐயா.

சக்கரத்தைக் கம்பியில் மாட்டிச் சுழற்றி, கனம் எங்கே இறங்குகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் பத்து கிராம் ஈயத்துண்டு ஒட்டினார். முன் சக்கரத்துக்கும் அதே சடங்கு. சக்கரங்கள் வெளியே இருக்கும்போதே பிரேக்கையும் பிரித்து, பிஸ்டன்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு இடிக்காமல் உள்ளே நுழைவதற்காக, அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடுகளைக் கட்டை விரலால் உள்ளே தள்ளிவிட்டார். அவசரக்காரன் யாரும் இவ்வளவு செய்ய மாட்டான். ஓரளவு தள்ளி மாட்டிவிடுவான். ஐயா கடைசி வரை தள்ளினார். முன்னால் இரண்டு தட்டுக்கும், பின்னால் ஒன்றுக்கும்.

அப்படித் தள்ளிவிட்டால், சக்கரம் மாட்டிய பிறகு பிரேக் பிடியை ஏழெட்டுத் தடவை அழுத்தி அழுத்திப் பேடுகளை மறுபடி தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதுவரை பிடி காலியாகத்தான் இருக்கும். எத்தனையோ தடவை டயர் மாற்றிய மனிதருக்கு இது தெரியாதது அல்ல. மற்ற நாட்களில் மெக்கானிக்காக வேலை செய்வார், கை தானாக அழுத்திவிடும். அன்று எதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால், தேர்வாளராக வேலை செய்தார். பட்டியலில் உள்ளதை மட்டும் செய்தார். அந்தப் பட்டியல் அவருடைய பழைய அலுவலகப் படிவத்தைப் பார்த்து எழுதியது. அந்த மைதானத்துக்கு வரும் வண்டி முழுசாகத்தான் வரும். அதனால் பிரேக் பற்றி ஒரே வரி: 'வண்டி நகர்ந்ததும், நடை வேகத்தில், முன் பிரேக், பின் பிரேக் தனித்தனியாகச் சோதிக்கவும்.' முப்பத்து மூன்றாவது வரி.

பேடுகள் உள்ளே போனதை மாப்பிள்ளை பார்த்தார். பிடி அழுத்தப்படாததையும் பார்த்தார். கை பழைய முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. வாய் டீயில் இருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ஐயா கையைக் கழுவி, ஹெல்மெட் மாட்டினார். வாசலுக்கு மகளும் மனைவியும் வந்தார்கள். என்ஜின் ஒரே அழுத்தில் உயிர் பெற்றது. முப்பத்து இரண்டாவது வரிக்குக் கோடு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி சரிவில் இறங்கியது. முதலில் முன் பிரேக்கைப் பிடித்தார். பிடி எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டியது. காலால் மிதித்தார். பெடல் வெறும் காற்றில் இறங்கியது. இரண்டாவது தடவை அழுத்துவதற்குள் கேட் கடந்துவிட்டது. 280 கிலோ வண்டியும் 71 கிலோ மனிதரும் நேராகப் போய் மாப்பிள்ளையின் வேன் கதவில் முட்டினார்கள். தகரம் தொட்டி மாதிரி உள்ளே குழிந்தது. வண்டி விழவில்லை, குழிக்குள் முகத்தைப் பதித்து நின்றது. ஐயாவின் இடது முழங்கால் வேனில் உரசித் தோல் போயிருந்தது.

மகள் ஓடி வந்தாள். "அப்பா! என்னாச்சு?"

"பிரேக் பிடிக்கலை." ஐயா பிடியை மறுபடி அழுத்தினார். ஐந்தாவது அழுத்தில் அது இறுகியது. அவருக்கு விளங்கிவிட்டது.

மகள் சட்டென்று திரும்பினாள். "ஏங்க, இது உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

"தெரிஞ்சும் சொல்லலையா? தெருவுல லாரி வந்திருந்தா?"

"டெஸ்ட் நடக்கும்போது பேசக் கூடாது. அது உங்க அப்பா விதி. என்கிட்ட யாராவது சொன்னாங்களா, ஸ்டாண்டை மடக்குன்னு?"

"பன்னெண்டு வருஷமா இதையா வயித்துல வெச்சிருந்தீங்க?"

"முழங்கால்ல வெச்சிருந்தேன்."

மனைவி வாசல்படியிலிருந்து இறங்காமலே சொன்னாள்: "ரெண்டு பேரும் நல்லா இருங்க. ஒருத்தர் என் கையை உடைச்சார். இன்னொருத்தர் என் தாலியைப் பார்த்துட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தார்."

மகளுக்குக் கோபம் முழுக்கப் புருஷன் மேல் சாய்ந்துவிட்டது. "இந்தப் பேப்பர் செல்லாதுப்பா. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஐயா விரும்பியது அதுதான். கை நீட்டினால் கிடைத்திருக்கும். ஆனால் மாப்பிள்ளை செய்த அயோக்கியத்தனத்தின் தயவில் தனக்கு வண்டி கிடைப்பதை அவரால் விழுங்க முடியவில்லை. பிரேக்கை மறந்தது அவர். மற்றவன் வாயை மூடியிருந்தது வேறு கணக்கு.

"ஒரு குறை கண்டா சாவின்னு எழுதியிருக்கு. கண்டாச்சு." சாவியைக் கழற்றி நீட்டினார். "பிடிங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. கை பாதி தூரம் வந்து நின்றது. "மாமா, நான் அதுக்காக..."

"பிடிங்கன்னேன்."

வாங்கிக்கொண்டார். இருவரும் வண்டியைத் தள்ளிக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். உதவிக்கு நன்றி சொல்லப்படவில்லை. வண்டி நின்றதும் ஐயா ஸ்பேனரை எடுத்தார்.

"இப்போ என்ன பண்றீங்க மாமா?"

"சாவின்னுதான் எழுதியிருக்கு. டயர்னு எழுதலை. டயர் என்னோடது."

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல், காலையில் செய்த அத்தனையையும் பட்டியலின் கீழிருந்து மேலாகப் பிரித்தார். லீவர், துணி, சோப்புத் தண்ணீர். ரிம்மில் ஒரு கீறல் விழவில்லை. நாலு ஐம்பதுக்கு இரண்டு புது டயரும் சுவரோரம் நின்றன. வண்டி மரக்கட்டைகள் மேல் நின்றது. மாப்பிள்ளை முதல் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, திறக்காத வேன் கதவைத் திட்டிக்கொண்டே போயிருந்தார்.

மூன்று வாரம் கழித்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அவர் சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்றார். ஒரே ஒரு தடவை பிரேக்கை மட்டும் அவர் செக் பண்ணணுமாம்."

"நான் தோத்துக் குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்லு."

"அப்போ நீங்க எப்படிப் போவீங்க, வருவீங்க?"

"பஸ் எதுக்கு ஓடுது?"

மறுநாளே அவர் கடைத்தெருவுக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கினார். காலை ஏழு நாற்பது வண்டி. முதல் வாரத்தில் நாலு நாள் தாமதம். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில்தான் உட்காருவார். தாமதமாகப் போட்ட சைகை விளக்கு, சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிறுத்திய முன் சக்கரம், கண்ணாடி பார்க்காமல் எடுத்த திருப்பம் ஒவ்வொன்றுக்கும் நாக்கு தட்டும் சத்தம் வரும். பத்தாவது நாள் ஓட்டுநர் சிக்னலில் நிறுத்தித் திரும்பினார்.

"ஐயா, பின்னாடி அவ்வளவு சீட் காலியா இருக்கு. அங்க போய் உக்காருங்களேன்."

"ஏன்?"

"நீங்க பாக்கறது முதுகுல குத்துது."

"ரோட்டைப் பாருங்க. பச்சை விழுந்து மூணு செகண்ட் ஆச்சு" என்றார் ஐயா. இடத்தை விட்டு அசையவில்லை.