ஆயுத பூஜையில் விழுந்த அறை

குங்குமம் அடைத்த பூசணிக்காயை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அக்கா நின்ற கோலம் அப்படியே கண்ணில் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அன்று ஆயுத பூஜை. கழுவித் துடைத்த பிரஸ் மெஷின்களுக்குச் சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டியிருந்தோம். அக்கா பேக்கிங் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை. திருநங்கை. அவள் கையால் திருஷ்டி சுற்றினால் மெஷினில் யார் விரலும் போகாது என்று முதலாளியம்மா முதல் எல்லோருக்கும் நம்பிக்கை. வருஷம் பூராவும் கேலி, அந்த ஒரு நாள் மட்டும் பட்டுப்புடவை மரியாதை. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அக்காவோ, "உட்டுத் தள்ளும்மா. அட்த்த மாசம் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. அதுவரிக்கும் வாயத் தொறக்க மாட்டேன்" என்பாள்.

கேலிக்கு மூலம் ஒரு சினிமாக் காமெடி. அதில் ஒரு திருநங்கை கதாநாயகனின் நண்பனைக் கட்டிப்பிடிக்க வருவாள். அவன் ஓங்கி ஓர் அறை விடுவான். அவள் சுருண்டு விழுவாள். அவ்வளவுதான் நகைச்சுவை. அந்தக் காட்சியின் இசையைச் செல்போனில் போடாமல் பிரஸ் ஷாப் ஆட்கள் அக்காவைக் கடந்து போக விட்டதே இல்லை.

அன்று பூஜைக்காக மைக் செட் வந்திருந்தது. அக்கா சுற்றி முடித்துக் காயை உடைக்கப் போன நேரம், ஸ்பீக்கரில் அந்த இசை. பிரஸ் ஆபரேட்டர் ஒருவன், தங்கமான பையன் என்று பெயரெடுத்தவன், கூட்டத்திலிருந்து ஆடிக்கொண்டே வந்து அவள் கன்னத்தில் விட்டான் ஓர் அறை. படத்தில் வருவது போலவே. காய் சிதறிக் குங்குமம் தெறித்தது. அக்கா நிலைதடுமாறி, மெஷினின் இரும்பு விளிம்பில் காது மோத விழுந்தாள். விசில் பறந்தது. முகமெல்லாம் சிவப்பு, புடவையெல்லாம் சிவப்பு. குங்குமம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள். பொரித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் தலையைத் தூக்கினேன். கையில் சூடாக வழிந்தது. "ரத்தம்டா, பாவிகளா!" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

காதுக்குப் பின்னால் தையல் போட்டார்கள். அந்தக் காது திரும்பக் கேட்கவே இல்லை. பூஜை நாளில் தகராறு ஆனதற்கு அவள்தான் காரணம் என்று சொல்லிக் கம்பெனி அவளை நிறுத்தியது. அவனுக்கு ஓர் எச்சரிக்கையோடு சரி. திருநின்றவூரில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு அவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தபோது நானும் இருந்தேன். "தமாஷுக்குத்தாங்க்கா பண்ணேன்" என்று அழுதான். செத்துத் தொலை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அக்கா நல்ல காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "நீ அட்ச்சதுகூட போவட்டும் நைனா. நீ கையத் தூக்கறதுக்கு முன்னாடியே அத்தினி பேரும் சிரிக்க ரெடியா நின்னுகினு இருந்தாங்க. அத்த எந்த ஆஸ்பத்திரில தெய்க்கிறது?"

கொஞ்ச நாளில் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். எங்கே என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம். சமையலறையில் இருந்த நான் அந்த இசை காதில் விழுந்ததுமே ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினேன். ரிமோட்டைக் காணவில்லை. திரையில் அந்தப் பெண் இன்னும் கைகளை விரித்தபடி வந்துகொண்டுதான் இருந்தாள். அறை இன்னும் விழவே இல்லை. என் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.