சத்தம் வராத பியானோ இருக்கிறதா?

டிஜிட்டல் பியானோ வாங்க வருகிறவர்கள் முதலில் இசையைப் பற்றிக் கேட்பதே இல்லை. இன்வெர்ட்டரில் ஓடுமா, மாடிப்படி ஏறுமா என்றுதான் ஆரம்பிப்பார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் இசைக்கருவிக் கடையில் நான் விற்பனைப் பெண். நாள் முழுக்கக் கால்கடுக்க நின்று வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு என் கதை புதிதாக இருக்காது.

கனமான கட்டை

பக்கவாதத்தால் வலது கை தளர்ந்துபோன நெசவாளர் ஒருவர் மனைவியோடு வந்தார். விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். தொட்டாலே ஒலிக்கும் லேசான கீபோர்டைக் காட்டினேன். இரண்டு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தார். பக்கத்தில், நிஜப் பியானோ மாதிரியே கட்டைகள் கனமாக இருக்கும் டிஜிட்டல் பியானோ ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தார். அமுக்கிப் பார்த்தார், கட்டை இறங்கவில்லை. மனைவி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கஷ்டமா இருக்கும் ஐயா, லேசானதே எடுத்துக்குங்க" என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. ஒருவழியாகக் கட்டை இறங்கியது. ஒற்றை ஸ்வரம் மெல்லக் கேட்டது.

"இதையே குடும்மா. கட்டை எதிர்த்து நின்னாத்தான் விரலு உயிரோட இருக்குதுன்னு எனக்குத் தெரியுது."

பட்டன்

பார்வையில்லாத கல்லூரிப் பெண்ணை அவள் அண்ணன் அழைத்து வந்தார். பட்டனே இல்லாமல், பளபளவென்று தொடுதிரை வைத்த புது மாடல்தான் அவருக்குப் பிடித்தது. அந்தப் பெண் வாசிக்க ஆரம்பித்தாள், நன்றாகவே வாசித்தாள். நடுவில் கை திரையில் பட்டு, பியானோ ஒலி வயலினாக மாறியது. பழைய ஒலிக்குத் திரும்ப வழி தெரியாமல் வழவழப்பான திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். குடோனிலிருந்து பட்டன் வைத்த பழைய மாடலைக் கொண்டுவந்தோம். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் பாக்கறதுக்கு வாங்கலண்ணா, வாசிக்கறதுக்கு வாங்கறேன்."

ஹெட்போன்

"வெளிய சத்தம் வராத பியானோ இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டு வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் விபத்தில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாசித்துக் காட்ட வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனதைத் திரும்பப் பழக வேண்டும். "அதுக்குள்ள பாட்டு கேக்குதான்னு தெருவுல பேசுவாங்க. அத்தைகிட்டயும் இன்னும் சொல்லல" என்றாள். ஹெட்போன் போட்டால் வெளியே ஒன்றும் கேட்காது என்று காட்டி அனுப்பினேன்.

பொருத்திக் காட்ட நானும் டெலிவரி வண்டியில் ஓரிக்கையில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மாமியார். பெட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், வழி விட்டார். பொருத்தி முடித்ததும் அந்தப் பெண் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலைகுனிந்து வாசித்தாள். அறையில் கட்டைகள் இறங்கி ஏறும் டொக் டொக் மட்டும்தான். மாமியார் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்து, பியானோவில் செருகியிருந்த ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார். வீடு முழுக்க இசை வந்தது. அந்தப் பெண் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"நிறுத்தாதம்மா. அவன் போனதுலேருந்து இந்த வூட்டுல ஒரு சத்தமும் இல்ல."

இத்தனை பேருக்குப் பியானோ காட்டிய எனக்கு, அதில் ஒரு பாட்டுகூட முழுசாக வாசிக்க வராது என்பதை எங்கள் முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.