மலைப்பாதையில் கேட்க வேண்டிய பாடல்கள்

போன சனிக்கிழமை, இப்போது நாங்கள் இருக்கும் டெக்சஸின் பிளானோவில், மகளை வயலின் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போனேன். டோல்வேயில் ஏறியதும் அவள் போனிலிருந்து ஒரு சீனப் பாட்டு வந்தது. உனக்குப் பிடிக்கும் என்று ஒரு செயலி தானாகவே தொகுத்துக் கொடுத்த பட்டியலாம். முதல் இரண்டும் நேற்றுப் பிறந்த பாட்டுகள். மூன்றாவது தொடங்கியதும் என் வாய் என்னைக் கேட்காமலே அடுத்த வரியை முணுமுணுத்தது. என் உச்சரிப்பைச் சீனர் யாராவது கேட்டிருந்தால் காரிலிருந்து குதித்திருப்பார்.

"அப்பா, ஹவ் டூ யூ நோ திஸ்?"

"பழைய ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் குடுத்தாங்கம்மா."

"சோ கூல்! வேர் ஆர் தே நவ்?"

எக்ஸிட் வருகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். எக்ஸிட்டுக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது.

அந்த நண்பரின் பெயர் கிரேஸ். தைவான்காரர், வீட்டில் வைத்த பெயர் வேறு, அமெரிக்க வாய்களுக்காக இதைச் சூட்டிக்கொண்டவர். அப்போது கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் எங்கள் அப்பார்ட்மென்ட் வளாகத்தில்தான் குடியிருந்தார். அவர், நான், என்னைவிட மூத்தவரான பாலாஜி மூவரும் ஒரே காரில் மலையைத் தாண்டி ஃப்ரீமான்ட்டில் ஒரு சிப் கம்பெனிக்கு வேலைக்குப் போவோம். முறைவைத்து ஆளுக்கொரு நாள் கார். கார் யாருடையதோ, அன்றைய பாட்டும் அவருடையது. இதுதான் சட்டம்.

கிரேஸின் காரில் உப்பிட்டுக் காயவைத்த பிளம் பழத்தின் வாசனை அடிக்கும். நம் உப்பு நெல்லிக்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டால் சுனோல் மேடு ஏறி இறங்கும்வரை கரையாது. அந்தப் புளிப்போடுதான் எனக்குச் சீனப் பாட்டு பழகியது. கப்பல் கிளம்பும்போது கையசைக்க மறந்துவிட்ட பெண்ணின் பாட்டு. பஸ்ஸில் தூங்கிப்போய்த் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டவனின் பாட்டு. அம்மா அனுப்பிய ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது என்று ஒரு பாட்டு. இதைக் கேட்கும்போது மட்டும் கிரேஸ் விளக்கம் சொல்லாமல் ஓட்டுவார்.

பாலாஜிக்குப் பொறுக்காது. "என்னடா இது, பாத்திரம் தேய்க்கிற சத்தமெல்லாம் பாட்டா?" என்று பின்சீட்டிலிருந்து தமிழில் சொல்வார். கிரேஸ் என்னைப் பார்ப்பார். "அவருக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன்.

எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அது தெரிந்ததும் கிரேஸ் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து டிஸ்க்கில் எழுதித் தர ஆரம்பித்தார். உறையில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், அதை எங்கே கேட்க வேண்டும் என்று குறிப்பு இருக்கும். "மேடு ஏறும்போது." "நெரிசலில் நிற்கும்போது, அதுவும் மழை பெய்தால்." "மேனேஜர் திட்டிய நாளில், வீட்டுக்குப் போகும் வழியில்." அந்தக் குறிப்புகள் ஒருநாளும் தப்பியதில்லை. என் மகளின் செயலிக்கு அவள் கேட்ட பாட்டுகள் எல்லாம் தெரியும். அவள் அன்றைக்குத் திட்டு வாங்கினாளா என்று தெரியாது.

டிஸ்க்குகளை கிரேஸ் மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் எழுதினார். சூடாக வெளியே வரும் டிஸ்க்கில் ஒரு பிளாஸ்டிக் வாசனை இருக்கும். அதே மெஷினில் நானும் பாலாஜியும் இளையராஜாவை எழுதி எழுதி அந்தக் கட்டடத்தின் பாதித் தமிழர்களுக்கு விநியோகித்துக்கொண்டிருந்தோம். எங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேஸ் டிஸ்க் எழுதுவதை மட்டும் யாரோ பார்த்து, யாரிடமோ சொன்னார்கள். சீனக்காரி, சிப் கம்பெனி, டிஸ்க். மூன்று சொல்லில் ஒரு கதை தயாராகிவிட்டது.

கம்பெனி ரகசியத்தைக் கடத்துகிறாரா என்று விசாரித்தவர்களிடம் கிரேஸ் உண்மையைச் சொன்னார். எழுதியவை பாட்டுகள், பதினான்கு டிஸ்க்குகள், எல்லாம் இன்னாருடைய காரில் இருக்கின்றன, அவரையே கேளுங்கள் என்று என் பெயரைச் சொன்னார். என்னை மறுநாள் காலை கூப்பிட்டிருந்தார்கள். முந்தின மாலை பாலாஜி என்னை பார்க்கிங்கில் நிறுத்தினார்.

"டேய், உன் லேபர் சர்டிஃபிகேட்டே, முதல் படியே, இன்னும் க்ளியர் ஆகல. கிரீன் கார்டு வேணுமா, வேணாமா?"

"பாட்டுதானே அண்ணா? எடுத்துக் காட்டினா முடிஞ்சுது."

"காட்டினா, கம்பெனி மெஷின்ல எழுதினத நீ எதுக்கு வாங்கினேன்னு கேப்பான். எதுவும் ஞாபகம் இல்லேன்னு சொல்லிட்டு வா."

"நீங்களாவது சொல்லலாமே. உங்களுக்குத்தான் கார்டு வந்தாச்சே."

"எனக்கெதுக்குடா வம்பு?"

பாலாஜிக்கு இழக்க ஒன்றுமே இல்லை. எனக்கு இருந்தது. கிரேஸுக்கு என்னைவிட அதிகம் இருந்தது: என்னைப் போல அதே விசா, ஆறு வருடக் காத்திருப்பு. வேலை போனால் விசாவும் போகும், நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மூவருக்கும் இது தெரியும்.

நான் கம்ப்யூட்டருக்குத் தாவி அமெரிக்கா வருவதற்கு முன் சென்னையில் மூன்று ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். யார், எங்கே, எப்போது என்பதில் ஒன்று விடுபட்டாலும் செய்தியை நிருபரிடம் திருப்பி அனுப்புவேன். அந்தப் பெருமைக்காரன், ஜன்னல் இல்லாத மீட்டிங் அறையில், மனிதவளத் துறைப் பெண்ணும் பாதுகாப்பு அதிகாரியும் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "ஐ டோன்ட் ரிமெம்பர்." அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு சிரித்தார். நன்றி என்றார். சாவியைக் கொடுங்கள், காரைப் பார்க்கிறோம் என்று அவர்களும் கேட்கவில்லை. பார்த்தால் பாட்டு இருந்துவிடும்.

அன்று மாலை இந்தியன் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் பதினான்கு டிஸ்க்குகளையும் போட்டேன். உறைகளைத் தனியே கிழித்துப் போட்டேன். அவ்வளவு கவனம்.

அந்த வாரமே கிரேஸை அனுப்பிவிட்டார்கள். பாலாஜியின் காரில் விட்டிருந்த குடையை எடுக்க வந்தவர் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன்னிடம் கேட்டார்களா?"

"கேட்டார்கள்."

மேலே கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. பாலாஜிக்கு நன்றி சொல்லிக் குடையை வாங்கிக்கொண்டு போனார். மாதம் முடிவதற்குள் அவர் வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது.

எனக்குக் கார்டு வந்தது, பிறகு அமெரிக்க பாஸ்போர்ட்டும் வந்தது. பாலாஜியும் இப்போது பிளானோவில்தான் இருக்கிறார். ஆளுக்கொரு பண்டம் சமைத்துக்கொண்டு வரும் போன தீபாவளி பாட்லக்கில், தட்டில் பிசிபேளாபாத்தோடு, "நம்ம கூட கார்ல ஒரு ஸ்பை வந்தாளே, தெரியுமா? கிரேஸ்னு பேரு!" என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"அதெல்லாம் பாட்டு," என்றேன். "என் கார்லதான் இருந்துது. நீங்க சொல்லி, நான்தான் மறைச்சேன்."

"விடுடா, அது எந்தக் காலம்!"

ஒரு ஆண்ட்டி அவசரமாக எனக்குக் கேசரி வைத்தார். இப்போது வாயைத் திறக்க எனக்கு ஒரு பைசா செலவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

போன மாதம் வேலையாக ஃப்ரீமான்ட் போனேன். அந்தக் கம்பெனியை இன்னொன்று விழுங்கி, அதை வேறொன்று விழுங்கி, இப்போது பெயரே இல்லை. கட்டடம் மட்டும் நிற்கிறது. உள்ளே குழந்தைகள் குதித்து விளையாடும் டிராம்போலின் கூடம். மீட்டிங் அறைச் சுவர்களை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த மூலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் காலுறையோடு எம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து, வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்: "யூ ஹியர் டு பிக் அப் சம்ஒன்?"

இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.